ஊசியை விட்டால்தான் விசுவாசமா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. போன வருஷம் டைப் 1 சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்தார்கள். தினமும் நான்கு ஊசி. எங்கள் ஜெபக்குழுவில் ஒரு மூத்த சகோதரி, "சிறு பிள்ளையைப்போல நம்பி ஊசியை நிறுத்து, கேள்வி கேட்டாலே அவிசுவாசம்தான்" என்கிறார். நடுவில் ஊசி அளவு குறைந்தபோது சபையில் சாட்சி சொல்ல வைத்தார்கள். இப்போது மறுபடி ஏறிவிட்டது. பையன் சில நாள், "இன்னைக்கு மட்டும் வேணாம்மா" என்று அழுவான். அப்புறம் அவனே சட்டையைத் தூக்கி, "எந்தப் பக்கம்மா?" என்று வயிற்றைக் காட்டுவான். என் விசுவாசம்தான் குறைவா?
– ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சகோதரி, முதலில் ஊசி. அதை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். டைப் 1 வந்த உடம்பில் இன்சுலின் சுரப்பது அநேகமாக நின்றுபோகிறது. வெளியிலிருந்து போடுவதையும் நிறுத்தினால் ஓரிரு நாளில், சில பிள்ளைகளுக்கு அதற்கும் முன்பே, இரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்ந்துவிடும். வாந்தி, வயிற்றுவலி, அடங்காத தாகம், ஆழமாக இழுக்கும் மூச்சு, வாயில் பழ வாடை, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஜெபத்தை வண்டியிலும் செய்யலாம். காய்ச்சலில் அவன் சாப்பிடாமல் கிடந்தாலும், நாள் முழுக்க வேலை செய்யும் அந்த ஒரு ஊசியை விடக்கூடாது. சாப்பாட்டுக்கு முன் போடுவதன் அளவை டாக்டரிடம் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சாட்சியைப் பற்றி. ஊசி ஆரம்பித்த பிறகு, கணையத்தில் மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்ச காலம் தெம்பாக வேலை செய்வதுண்டு. சிலருக்குச் சில வாரம், சிலருக்கு ஒரு வருஷம்கூட நீடிக்கும். டாக்டர்கள் இதை ஹனிமூன் காலம் என்பார்கள். அப்போது ஊசி அளவு நன்றாகக் குறையும், பிறகு தானாக ஏறும். இதைத் தெரியாமல் அவசரப்பட்டு அற்புதம் என்று அறிவித்துவிட்டு, ஏறினதும் தாயின் தலையில் பழியைப் போடுவது நியாயமே இல்லை.

இனி வசனத்துக்கு வருவோம். மத்தேயு 18-ல் சீஷர்கள் கேட்டது, பரலோகராஜ்யத்தில் யார் பெரியவன் என்று. அவர்கள் நடுவே இயேசு ஒரு பிள்ளையை நிறுத்தி, நீங்கள் பிள்ளைகளைப்போல ஆகவேண்டும் என்று மூன்றாம் வசனத்தில் சொல்கிறார். அந்தக் காலத்துச் சமூகத்தில் எந்த அந்தஸ்தும் இல்லாத ஒரு பிள்ளை. "தன்னைத் தாழ்த்துகிறவன்" என்று நாலாம் வசனம் விளக்கமும் சொல்லிவிடுகிறது. கேள்வி கேட்காதே என்று அந்தப் பகுதியில் எங்கும் இல்லை. ஆறாம் வசனத்தில் என்ன இருக்கிறது? இந்தச் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவது நலம் என்கிறார். பிள்ளையைக் காட்டி ஒரு பிள்ளையின் மருந்தை நிறுத்தச் சொல்கிறவர்கள் மூன்றாம் வசனத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள் போலிருக்கிறது.

மாற்கு 10 இன்னும் தெளிவு. இயேசு பிள்ளைகளை ஆசீர்வதித்த கையோடு, 17-ஆம் வசனத்தில் ஆஸ்தியுள்ள ஒருவன் ஓடிவருகிறான். நித்திய ஜீவனைச் சுதந்தரிக்க நான் என்ன செய்யவேண்டும் என்பது அவன் கேள்வி. தேவனுடைய கட்டளைகளைச் சிறுவயது முதல் கைக்கொண்ட கணக்கும் அவனிடம் தயாராக இருக்கிறது. பிள்ளைகள் வெறுங்கையோடு வந்து ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு போகின்றன, இவன் துக்கத்தோடு திரும்பிப் போகிறான். "ஊசியை விட்டேனே, சுகம் தாரும்" என்று நிற்பது அவனுடைய பக்கத்தில் போய் நிற்பதுதான். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொல்லிப் பிசாசு சங்கீதம் 91-ஐ எடுத்துக் காட்டியபோது, இயேசு குதிக்கவில்லை. உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்றுதான் சொன்னார். வியாதிப்பட்ட எசேக்கியா ராஜாவுக்கோ ஜெபம் கேட்கப்பட்ட பிறகும் பிளவைக் கட்டியின் மேல் அத்திப்பழ அடை வைத்துக் கட்டச் சொன்னார் ஏசாயா தீர்க்கதரிசி.

பிள்ளையைப்போன்ற நம்பிக்கை எப்படி இருக்கும் என்பதை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். இன்சுலின் என்னவென்று பையனுக்குத் தெரியாது. வலிக்கும் என்பது தெரியும். வேண்டாம் என்று அழுகிறான், அதை மறைக்கவும் இல்லை. பிறகு சட்டையைத் தூக்குகிறான். ஊசி பிடித்திருப்பது யார் கை என்று தெரிந்ததால் தூக்குகிறான். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று சங்கீதம் 13 தொடங்குவதும் இந்த உரிமையில்தான். மாற்கு 9-ல் நோயாளிப் பிள்ளையின் தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறினான். முதலில் விசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று அவனை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

இரவு ஊசி முடிந்ததும் ஐந்து நிமிஷம் போதும். அன்று பிடிக்காததை அவன் முதலில் சொல்லட்டும். கோபத்தையும் சொல்லட்டும், திருத்தாதீர்கள். அடுத்து நீங்கள் உங்கள் பயத்தைச் சொல்லுங்கள், பேச்சுத் தமிழிலேயே. கடைசியில் நாளைக்கு ஒரு நாளுக்குத் தேவையானதை மட்டும் கேளுங்கள். சுகம் கேட்பதும் சரிதான். ஆனால் சுகம் கிடைத்துவிட்டதாக அறிக்கையிட அவனைப் பழக்காதீர்கள். மறுநாள் குளுக்கோமீட்டரில் 280 வந்தால் அவன் தன்னையே குற்றவாளியாக நினைப்பான். "இயேசு ஏம்மா என்னைச் சரியாக்கலை?" என்று கேட்டால், "எனக்கும் தெரியலப்பா, நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லுங்கள். சங்கீதம் 131-க்கு மூன்றே வசனம், அவனுக்கு எளிதில் மனப்பாடமாகும்.

அந்தச் சகோதரியோடு குழுவில் வைத்து வாதாட வேண்டாம், ஆள் சேரச் சேரப் பேச்சு தடிக்கும். கணவரோடு போய்ப் போதகரைத் தனியாகப் பாருங்கள். டாக்டர் சீட்டைக் கையில் கொண்டுபோங்கள். "எண்ணெய் பூசி ஜெபியுங்கள், ஐயா, ஊசி தொடரும். இனி சாட்சி சொல்ல எங்களைக் கூப்பிடவேண்டாம்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். உபவாசக் கூட்டத்துக்குப் பையனைக் கூட்டிப் போனால் அவன் சாப்பாட்டு நேரம் மாறக்கூடாது. மீட்டரும் குளுக்கோஸ் பாக்கெட்டும் உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும். கை நடுக்கம், வியர்வை, பேச்சுக் குழறல் தெரிந்தால் பாதி ஜெபத்தில் எழுந்து வெளியே கூட்டிவந்து குளுக்கோஸ் கொடுங்கள்.