மீட்டரில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி ஏன் ஆட்டோவை ஸ்டார்ட் செய்ய மாட்டேன் என்கிறது?

கேள்வி கேட்டவர் தண்டையார்பேட்டையில் ஆட்டோ ஓட்டுபவர். மீட்டர் 12.6 வோல்ட் காட்டுகிறது, செல்ஃப் போட்டால் 'டிக் டிக்' சத்தம்தான், விளக்கும் மங்குகிறது என்கிறார்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. சும்மா இருக்கும் பேட்டரியில் அது அளப்பது மின்னியக்கு விசை. ஒரு கூலும் மின்னூட்டத்துக்கு உள்ளே நடக்கும் வேதிவினை எத்தனை ஜூல் ஆற்றல் தருகிறது என்ற கணக்கு அது. லெட் ஆசிட் செல் ஒன்றுக்குச் சுமார் 2.1 வோல்ட், ஆறு செல்லுக்கு 12.6.

ஆனால் மின்னோட்டம் பேட்டரியின் உள்ளேயும் ஓடியாக வேண்டும். அங்கே அதைத் தடுக்கும் அக மின்தடை, அதாவது பேட்டரியின் சொந்த மின்தடை, இருக்கிறது. இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் மின்தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல பேட்டரியின் அக மின்தடை 0.02 ஓம் என்றால் இரண்டும் சேர்ந்து 0.12 ஓம்; 12.6-ஐ 0.12-ஆல் வகுக்க, 105 ஆம்பியர். ஸ்டார்ட்டருக்கு 10.5 வோல்ட் கிடைக்கும். தகடுகளில் சல்பேட் படிந்து அக மின்தடை 0.1 ஓம் ஆகிவிட்டால் மொத்தம் 0.2 ஓம், 63 ஆம்பியர்தான். ஸ்டார்ட்டருக்கு வெறும் 6.3 வோல்ட், இன்ஜினைச் சுற்ற அது போதாது. மீதிப் பாதி பேட்டரிக்குள்ளேயே சூடாகப் போய்விடும். மீட்டர் இழுக்கும் மின்னோட்டமோ மிகமிகக் குறைவு, அதனால்தான் இந்த இழப்பு அதில் தெரிவதில்லை.

புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். முதலில் டெர்மினலைப் பாருங்கள். காசிமேடு பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். அந்தப் பூப்பும் தொடரில் சேர்ந்த ஒரு மின்தடைதான். சுரண்டித் துடைத்து இறுக்குங்கள். அப்புறமும் சரியாகவில்லை என்றால், பேட்டரி கடையில் லோடு டெஸ்டர் (பேட்டரியிலிருந்து நிறைய மின்னோட்டம் இழுத்துச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.