பாங்காக் போக தனிநபர் கடன் வாங்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் 42,000 ரூபாய். கணவர் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார், மாதம் 28,000 வரும். வீட்டுக் கடன் தவணை 16,500. நாங்கள் யாரும் வெளிநாடு போனதில்லை. ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு மே விடுமுறையில் பாங்காக் போக வேண்டும் என்று இரண்டு வருடமாக மாதம் 5,500 ஆர்.டி. கட்டினேன். பிப்ரவரியில் சுமார் 1,40,000 கைக்கு வரும். இப்போது நாத்தனார் குடும்பம் நான்கு பேரும் வருகிறோம் என்கிறார்கள். ‘டிக்கெட் நீங்களே போட்டுடுங்க, வந்து கொடுத்துடறோம்’ என்றார்கள். மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே காசு கேட்பது நன்றாக இருக்காது என்கிறார் என் கணவர். வங்கியில் 2 லட்சம் தனிநபர் கடன் உடனே தருவதாக மெசேஜ் வந்திருக்கிறது, 14 சதவீத வட்டி, 3 வருடம். ஒரு செயலியில் ‘இப்போது பயணம், பிறகு பணம்’ என்று வட்டியில்லாத தவணையும் காட்டுகிறது. எதை எடுப்பது? சின்ன மாமியார் வேறு அங்கிருந்து இரண்டு பவுனில் சங்கிலி வாங்கி வரச் சொல்கிறார். கிரெடிட் கார்டில் 64,000 பாக்கி இருக்கிறது, மினிமம் தொகையைத் தவறாமல் கட்டி வருகிறேன். அந்த 64,000-மும் போன வருட மூணாறு பயணத்தில் நாத்தனார் வீட்டுப் பங்கு, அவர்களுக்கு வாங்கிய வாஷிங் மெஷின், கொழுந்தனாரின் கல்லூரிக் கட்டணம் ஆகியவைதான்.

பதில்: இரண்டையும் எடுக்க வேண்டாம், சகோதரி. பாங்காக் போங்கள். ஆனால் கடனில் போகாதீர்கள்.

சேமிப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. இருபத்து நான்கு மாதம் தவணை தப்பாமல் கட்டியிருக்கிறீர்கள். என் கண் நின்றது உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில்தான். பயணத்தைப் பற்றிப் பத்து வரி எழுதிவிட்டு, போகிறபோக்கில் அந்த 64,000-ஐச் சொல்லியிருக்கிறீர்கள். அதில் உங்கள் வீட்டுக்காக வாங்கியது ஒரு ரூபாய்கூட இல்லை. ‘நான் போட்டுடறேன், அப்புறம் பாத்துக்கலாம்’ என்று மூன்று முறை சொல்லியிருக்கிறீர்கள், மூன்று முறையும் அந்த அப்புறம் வரவில்லை. பாங்காக் டிக்கெட் நான்காவது முறை.

மினிமம் கட்டுவதால் தப்பில்லை என்று நினைக்கிறீர்கள். கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவர் நீங்கள், ஒரு தாளை எடுத்து என்னோடு போட்டுப் பாருங்கள். மினிமம் பொதுவாகப் பாக்கியில் 5 சதவீதம், அதாவது 3,200. கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்றால் 2,240. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஏறத்தாழ 400. மொத்தம் 2,640 போய்விடுகிறது. நீங்கள் கட்டும் 3,200-ல் அசலில் கழிவது 560 ரூபாய். இந்த வேகத்தில் 64,000 பாதியாவதற்கே ஆறரை வருடம் ஆகும். உங்கள் மகள் பத்தாம் வகுப்பு எழுதும்போதும் மூணாறு போன செலவைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இதன் மேல் 2 லட்சம் கடன் ஏறினால் தவணை 6,836. மூன்று வருடத்தில் கட்டுவது 2,46,000. வட்டி மட்டும் 46,000, செயலாக்கக் கட்டணம் தனி. உங்கள் மூவரின் விமான டிக்கெட்டில் முக்கால் பங்கு அது. இந்த வட்டியை நாத்தனார் வீட்டில் யாரும் தரப்போவதில்லை. அசலைத் திருப்பித் தரும் உறவினர்கள்கூட வட்டியைத் தருவதில்லை, நாமும் கேட்பதில்லை.

வட்டியில்லாத தவணை என்ற அந்தச் செயலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்போது எங்கு திரும்பினாலும் இதுதான் விளம்பரம். அதே டிக்கெட்டை ரொக்கமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி அங்கே கிடைக்காது, செயலாக்கக் கட்டணம் இருக்கும், ஒரு தவணை தப்பினால் அபராதம் வரும். பெயர் எதுவாக இருந்தாலும் அது உங்கள் பான் எண்ணில் பதிவாகும் கடன். பயணம் முடிந்து, போட்டோ எல்லாம் அனுப்பி முடித்த பிறகு கட்டும் தவணை மாதிரி மனதைக் கசக்குவது வேறில்லை. தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள்.

சரி, மூன்று பேருக்கு என்ன ஆகும்? தாய்லாந்துப் பணமான ஒரு பாட் 3 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தை விலை சற்றுக் குறைவுதான், ஆனால் மாற்றும் இடத்தின் கமிஷனைச் சேர்த்தால் அதை ஒட்டித்தான் வரும். சென்னையிலிருந்து போய்வர ஆளுக்கு 20,000 வீதம் 60,000. ஒன்பது வயதுக்கு விமானத்தில் பெரிய சலுகை கிடையாது. ஸ்கைடிரெய்ன் என்கிற மேம்பால ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் சுத்தமான அறை ஒரு இரவு 1,600 பாட், ஐந்து இரவுக்கு 24,000 ரூபாய். சாப்பாடு நாளுக்கு 1,200 பாட் என்றால் 18,000. ரயில், படகு, எப்போதாவது டாக்ஸி எல்லாம் சேர்த்து 6,000. அரண்மனைக்கு ஆளுக்கு 500 பாட், வாட் போ கோயிலுக்கு 300, வாட் அருண் கோயிலுக்கு 200. மூவருக்கும் 9,000. பயணக் காப்பீடு, சிம் கார்டு, சென்னைக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் டிக்கெட், இதற்கு 6,000. ஆக 1,23,000. நீங்கள் சேர்த்த பணத்துக்குள் அழகாக அடங்குகிறது. இரண்டு வருடம் முன்பு நீங்கள் போட்ட கணக்கு சரியாகவே இருந்தது. கூட நான்கு பேர் சேர்ந்ததும்தான் கடன் என்ற வார்த்தை வந்தது. அவர்கள் பங்கு மட்டும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும்.

ஆனால் 1,40,000 வந்ததும் அப்படியே டிக்கெட் போட்டுவிடாதீர்கள். முதலில் கார்டு பாக்கி 64,000-ஐ முழுதாகக் கட்டுங்கள். ஆர்.டி.க்கு வங்கி தருவது வருடத்துக்கு 7 சதவீதத்தை ஒட்டி. கார்டுக்காரர் வாங்குவது வருடத்துக்கு 42 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது. கட்டிய பிறகு கையில் 76,000 இருக்கும். கார்டுக்குப் போன 3,200-ம் ஆர்.டி.க்குப் போன 5,500-ம் சேர்ந்து மாதம் 8,700 சேரும். மார்ச், ஏப்ரல் இரண்டு மாதத்தில் 93,400. மே பயணத்துக்கு இன்னும் 30,000 குறைகிறது, கையில் கொஞ்சம் உபரியும் வேண்டும் என்றால் 40,000.

அந்த 40,000 உங்களுடையதுதான். நாத்தனார் வீட்டிலும் கொழுந்தனாரிடமும் இருக்கிறது. 64,000-ல் மூன்றில் இரண்டு பங்கு ஏப்ரலுக்குள் திரும்பினால் மே மாதமே போகலாம். திரும்பாவிட்டால் செப்டம்பர் கடைசியில், காலாண்டு விடுமுறையில் போங்கள். அதற்குள் 1,37,000 சேர்ந்திருக்கும். செப்டம்பர் அங்கே நல்ல மழைக்காலம், மறைக்கவில்லை. ஆனால் டிசம்பர், ஜனவரி போல அறை வாடகை ஏறியிருக்காது. மகளுக்கு ஒரு மழைக்கோட்டு வாங்கிவிடுங்கள், போதும்.

மாப்பிள்ளையிடம் காசு கேட்பது எப்படி என்று உங்கள் கணவர் தயங்குவது எனக்குப் புரிகிறது. நம் பக்கம் தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டில் பணப் பேச்சு எடுப்பது சுலபமில்லை. ஆகவே மாப்பிள்ளையிடம் பேச வேண்டாம், தங்கையிடம் பேசட்டும். பேச வேண்டியது அவர்தான், நீங்கள் இல்லை. நீங்கள் பேசினால் ‘அண்ணி கணக்குப் பார்க்கிறாள்’ என்று முடிந்துவிடும். பேச்சும் சண்டையாக இருக்க வேண்டியதில்லை. ‘நாங்க இன்ன தேதி, இன்ன விமானத்துல போறோம், நீங்களும் அதையே போட்டுக்குங்க, சேர்ந்து போலாம்’ என்றால் போதும். அவர்கள் டிக்கெட்டை அவர்கள் போட வேண்டும். அதற்கு முன்னால் இன்னொன்றும் உண்டு. அவர்களிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், பெரியவர்களுக்கு 1,500, பிள்ளைகளுக்கு 1,000 கட்டி அவர்களே விண்ணப்பிக்கட்டும். அந்த 5,000-ஐச் செலவழித்தால் வருகிறார்கள் என்று நம்பலாம். அதையும் ‘நீங்களே போட்டுடுங்க’ என்றால் மீதியும் எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும்.

தங்கைக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று உங்கள் கணவருக்கு மனது இருந்தால் செய்யட்டும், தப்பே இல்லை. ஆனால் அதைச் சீர் என்று சொல்லிச் செய்யட்டும். ஐந்தாயிரமோ பத்தாயிரமோ, ஒரு தொகையை முடிவு செய்து கையில் கொடுத்துவிட்டு மறந்துவிடலாம். சீரைக் கடன் என்று சொல்லிக் கொடுத்து, திரும்பி வராதபோது உள்ளுக்குள் புழுங்குவதால்தான் உறவும் கெடுகிறது, பணமும் போகிறது.

டிராவல் ஏஜென்ட்டிடம் ஏழு பேருக்கும் சேர்த்து பேக்கேஜாக உங்கள் பெயரில் போடவும் வேண்டாம். வெளிநாட்டு பேக்கேஜுக்கு டி.சி.எஸ். என்று வருமான வரிக்காக முன்கூட்டியே ஒரு தொகை பிடிப்பார்கள். ஏழு பேருக்கானதும் உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறும்வரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும்.

சங்கிலி விஷயத்துக்குப் பதில், முடியாது என்பதுதான். பாங்காக்கின் சீனக் கடைவீதியான யாவரட்டில் வரிசையாகத் தங்கக் கடைகள் இருக்கின்றன. போய்ப் பாருங்கள், பார்க்க நன்றாக இருக்கும். அங்கே தங்கத்தை எடை போடும் அளவுக்கும் பாட் என்றுதான் பெயர். நகையில் ஒரு பாட் 15.16 கிராம், கிட்டத்தட்ட நம் இரண்டு பவுன். தரம் 96.5 சதவீதம். சின்ன மாமியார் கேட்டது அந்த ஒரு பாட் சங்கிலியைத்தான். இன்றைய விலையில் அது உங்கள் மொத்தப் பயணச் செலவையும் தாண்டும். வாங்குவது உங்கள் கார்டில்தான் இருக்கும், வெளிநாட்டுப் பணமாற்றக் கட்டணம் பல கார்டுகளில் 3.5 சதவீதம். அப்புறம் சுங்கம். வரியில்லாமல் நகை கொண்டுவரும் சலுகை, ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குத்தான். ஐந்து நாள் போய்வருகிறவருக்குக் கிடையாது. சென்னை விமான நிலையத்தில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சுங்க அதிகாரி முன்னால் நிற்க வேண்டியது நீங்கள். இதைச் சின்ன மாமியாரிடம் அப்படியே சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

போகிறவருக்கு உதவும் சில விஷயங்களும் சொல்ல வேண்டும். விசா விதி மாறிக்கொண்டே இருக்கிறது, டிக்கெட் போடும் வாரத்தில் தாய்லாந்து தூதரகத் தளத்தில் பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதமாவது மீதம் இருக்க வேண்டும். 2025 மே முதல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், போய் இறங்குவதற்கு மூன்று நாளுக்குள். அது இலவசம். காசு கேட்டால் அது அரசுத் தளம் இல்லை. அங்கே ஏ.டி.எம்.மில் வெளிநாட்டு அட்டையைப் போட்டால் ஒவ்வொரு முறைக்கும் 220 பாட்டோ அதற்கு மேலோ பிடிப்பார்கள், 600 ரூபாய்க்கு மேல். சின்னச் சின்னத் தொகையாக எடுக்காதீர்கள். கடையில் அட்டை தேய்க்கும்போது ‘ரூபாயிலா, பாட்டிலா’ என்று திரையில் கேட்கும். ரூபாய் என்று அழுத்தத்தான் கை போகும், ஆனால் பாட் என்றே அழுத்துங்கள். ரூபாயில் போட்டால் பாட்டை ரூபாயாக மாற்ற அவர்கள் வைத்ததுதான் விலை.

நான் முதல்முறை போனபோது அரண்மனைக்கு வெளியே நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, இன்று அரண்மனை மூடியிருக்கிறது, மதியம்தான் திறப்பார்கள், அதுவரை 20 பாட்டுக்கு டுக்டுக் என்கிற ஆட்டோவில் ஊர் சுற்றிக் காட்டச் சொல்கிறேன் என்றார். ஏறியிருந்தால் ரத்தினக் கடையில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பார்கள். பத்தடி தள்ளிப் போனால் வாசல் திறந்திருந்தது, உள்ளே கூட்டம் போய்க்கொண்டிருந்தது. காலை 8.30-க்கே போய்விடுங்கள், தோளும் முழங்காலும் மூடிய உடையில். டுக்டுக்குக்குப் பதில் சாத்தோர்ன் துறையில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஏறுங்கள், ஆளுக்கு 16 பாட்தான். அரை மணி நேரம் ஆற்றிலேயே போகலாம், உங்கள் மகளுக்கு அதுதான் பிடிக்கும். வாட் போவிலிருந்து எதிர்க்கரை வாட் அருணுக்கும் படகு உண்டு.

சிலோம் சாலையில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே போய்க் குடியேறிய தமிழர்கள் கட்டியது. தாய்லாந்துக்காரர்கள் பூத்தட்டோடு வரிசையில் நிற்பார்கள். பெரிய மாரியம்மனைப் பார்த்து வளர்ந்த ஈரோட்டுக்காரருக்கு அந்த இடம் பழகிய இடமாகவே இருக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை, மாலையில் போங்கள்.

இப்போது செய்ய வேண்டியது, ஆர்.டி. முதிரும் தேதியையும் கார்டு கட்டும் தேதியையும் காலண்டரில் குறிப்பது. பிறகு இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் கணவரைத் தங்கைக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். முதலில் வாஷிங் மெஷின் பணத்தைப் பற்றிப் பேசட்டும், அதற்குப் பிறகு பாங்காக் பற்றிப் பேசலாம்.