டர்பன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற உயர்தரக் கூடம் அமைப்பது எப்படி?

மேலே கூரையும், பக்கங்களில் தேவைக்கேற்பத் திறந்து மூடும் தடுப்புகளும் கொண்டு, வெயிலிலும் மழையிலும் குளிரிலும் அமர்ந்து உண்ணவும் உரையாடவும் ஏற்றதாக வீட்டின் பின்புறத்தில் எழுப்பப்படும் திறந்தவெளி அறையே இந்தக் கூடம்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது பளிங்குக் கல்லோ பிராய் அடுப்போ (இறைச்சி சுடும் தென்னாப்பிரிக்கத் திறந்தவெளி அடுப்பு) அன்று, திசைதான். டர்பன் நகரம் உள்ள தென்னாப்பிரிக்கா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் குளிர்கால நண்பகலில் சூரியன் வடக்கே தாழ்ந்து நிற்கிறது. டர்பனில் அது கோடைக்காலமான டிசம்பர் பிற்பகுதியில் ஏறத்தாழ 83 பாகை உயரம் ஏறுகிறது. குளிர்காலமான ஜூனிலோ 37 பாகையோடு நின்றுவிடுகிறது. தொப்பியின் விளிம்பு உச்சி வெயிலை மறைத்தாலும் சாய்ந்த வெயிலை முகத்தில் விழவிடுவதைப் போலத்தான் வடக்கு நோக்கிய கூரையும் வேலை செய்கிறது. அதன் விளிம்பு 2.7 மீட்டர் உயரத்தில் இருந்தால், ஜூன் நண்பகல் வெயில் தரையில் மூன்றரை மீட்டர் வரை உள்ளே வந்து இதமளிக்கும். டிசம்பரில் 30 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். மாலையில் மேற்கிலிருந்து வரும் வெயிலுக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே செங்குத்தான மரச்சட்டத் தடுப்பு வேண்டும்.

கடலோர உப்புக் காற்று சாதாரண இரும்பை விரைவில் அரித்துவிடுவதால், விலையுயர்ந்த நாற்காலிகளைவிட, உப்பரிப்பை நன்கு தாங்கும் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகில் செய்த கீல்களுக்கும் திருகாணிகளுக்கும் செலவிடுவதே மேல் என்பேன்.

நான்கு புறமும் கண்ணாடியால் அடைத்தால்தான் ஆண்டு முழுவதும் பயன்படும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் டர்பனின் குளிர்காலம் மிதமானது, மழையும் புழுக்கமும் சேர்ந்து வருவது கோடையில்தான் என்பதால், அங்கே கோடையில் வரும் தைப்பூசக் காலத்தில் அப்படி அடைத்த கூடத்தில் உட்காரவே முடியாது.