பிப்ரவரியில் ஒரு நாடகம்

அன்புள்ள ஐயா,

செய்யாறு பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. பிளஸ் டூ படிக்கிறேன், பயாலஜி குரூப். காலை ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் டியூஷன். சனிக்கிழமை மாலை மட்டும் ஒரு சின்ன நாடகக் குழுவில் ஒத்திகைக்குப் போகிறேன். பிப்ரவரியில் நாடகம். எனக்குத்தான் பெரிய வேடம். காலாண்டுத் தேர்வில் கெமிஸ்ட்ரி மார்க் குறைந்ததிலிருந்து அம்மா நாடகத்தை விடச் சொல்கிறார். ஒத்திகையில் நின்றால் படிக்கவில்லையே என்று உறுத்துகிறது. படிக்க உட்கார்ந்தால் வசனம் ஓடுகிறது. நான் எதை விடுவது?

எம்.

அன்புள்ள எம்.,

என் மகள் வயதுதான் உனக்கும் இருக்கும். அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

நாடகத்தை விடாதே. அந்தப் பெரிய வேடத்தை மட்டும் விடு.

எனக்கு இது நடந்திருக்கிறது. நான் பிளஸ் டூ படித்த வருடம், ஆண்டுவிழா நாடகப் பட்டியலில் இருந்து வகுப்பாசிரியர் என் பெயரை அடித்துவிட்டார், படிப்பு கெடும் என்று. பக்கத்து வகுப்பில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தரையில் சாக்பீஸால் மேடை வரைந்து ஒத்திகை பார்த்தார்கள். நான் இந்தப் பக்கம் இயற்பியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, என் வசனத்தை வேறொருவன் தப்பாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மூன்று மாதத்தில் கூடுதலாக ஒரு பாடம்கூட நான் படிக்கவில்லை. நாடகமும் போயிற்று, அந்த நேரமும் போயிற்று.

அதனால்தான் அடியோடு விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பெரிய வேடம் சனிக்கிழமையோடு நிற்காது. பிப்ரவரி நெருங்க நெருங்கத் தினமும் கூப்பிடுவார்கள். செய்முறைத் தேர்வும் அப்போதுதான் வரும், அடுத்த மாதம் பொதுத்தேர்வு. இயக்குநரிடம் இப்போதே போய்ச் சொல். கடைசி நேரத்தில் சொன்னால்தான் குழுவுக்குக் கஷ்டம். மறந்த வசனத்தை எடுத்துக்கொடுக்கும் பிராம்ப்டர் வேலையைக் கேட்டு வாங்கு. திரைக்குப் பின்னால் பிரதியோடு நிற்பவருக்கு எல்லாருடைய வசனமும் தெரியும், யார் எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்பதும் தெரியும். ஒரு நாடகத்தை உள்ளிருந்து கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

புரிசை உன் ஊர்ப் பக்கம்தானே. அங்கே கூத்துக் கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பாய். பாரதக் கூத்து பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் விடிய விடிய நடக்கும். மற்ற மாதங்களில் பலரும் நிலத்து வேலைக்குப் போகிறார்கள். அந்த மாதங்களில் கூத்துக் களரியில் இல்லை என்பதால் அவர்கள் கூத்தை விட்டவர்கள் ஆகிவிடுவதில்லை. உனக்கு மார்ச் முடிகிற வரை நடவுக்காலம் என்று வைத்துக்கொள்.

அவர்களிடம் இன்னொன்றும் கவனி. இரவு முழுக்கப் பாடுகிற பாட்டையும் விருத்தத்தையும் யாரும் ஏட்டைப் பார்த்துப் பாடுவதில்லை. வாய்விட்டுச் சொல்லி, அடவு வைத்து ஆடி, மறுபடி சொல்லி ஏற்றிக்கொண்டது அது. கெமிஸ்ட்ரி சமன்பாடுகளையும் அப்படிப் படித்துப் பார். புத்தகத்தை மூடிவிட்டு, நடந்துகொண்டே உரக்கச் சொல். தடுக்கிய இடத்தில் மட்டும் திறந்து பார். அப்புறம் தூங்கு. தூக்கத்தைக் கெடுத்துப் படித்தது மறுநாள் நிற்காது, வசனமானாலும் சரி, சமன்பாடானாலும் சரி.

மார்க் ஒன்றும் பெரிதில்லை என்று உனக்குச் சொல்ல மாட்டேன். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகத்தை முதுகலையாகப் படிக்கலாம். டெல்லியில் தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது. இரண்டுக்குமே பட்டப்படிப்பு வேண்டும். 1918இல் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் பால சபை என்று சிறுவர் நாடகக் குழு ஒன்றைத் தொடங்கியபோது, பின்னாளில் நாடக நடிகராகப் பேர் பெற்ற டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயது. அண்ணன்களோடு அதில் சேர்ந்தார். பள்ளிக்கூடம் போகிற வயதில் மேடைதான் அந்தப் பிள்ளைகளுக்குப் பிழைப்பு. உனக்கு அந்த நெருக்கடி இல்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

அம்மாவிடம் வாதாடாதே. வேடத்தை விட்டுவிட்டேன், சனிக்கிழமை இரண்டு மணி நேரம் மட்டும் கொடு என்று கேள். ஒரு நாள் ஒத்திகைக்கும் கூட்டிக்கொண்டு போ. நீ அங்கே என்ன செய்கிறாய் என்பதை அவர் இதுவரை பார்த்திருக்க மாட்டார்.

நாடகம் எந்தத் தேதி, எங்கே என்று எழுது. நான் வருகிறேன்.