ஹாலுக்குக் கறுப்பு அடிக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் வாங்கி நாலு வருஷம் ஆகிறது. இப்போதுதான் உள்ளே பெயிண்ட் அடிக்கப் போகிறோம். ஹால் 11க்கு 15 அடி. ஒரே ஜன்னல், மேற்குப் பார்த்தது. ஹாலை முழுக்கக் கறுப்பில் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நாலு சுவரும் கறுப்பு, கறுப்பு சோபா, தரைக்குப் பளபளப்பான கறுப்பு டைல்ஸ். போனில் எத்தனையோ படங்கள் சேர்த்து வைத்திருக்கிறேன். அத்தைக்கு 68 வயது, பகல் முழுக்க ஹாலில்தான் இருப்பார். "விளக்கேத்துற வீட்டுல கறுப்பா? இழவு வீடு மாதிரி இருக்கும்" என்கிறார். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று கணவர் விலகிக்கொண்டார். பெயிண்டரும் தயங்குகிறார். என் ஆசை தப்பா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் ஆசை தப்பே இல்லை. கறுப்பு எனக்கும் பிடித்த நிறம். ஆனால் நாலு சுவர் வேண்டாம், ஒரு சுவர் போதும். தரை டைல்ஸ் ஆசையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அத்தை. "இழவு வீடு" என்ற சொல் உங்களுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும். பதிலுக்குச் சொல்ல உங்களிடம் வாதங்கள் இல்லாமல் இல்லை. கருப்பசாமியைக் காவலுக்கு நிறுத்திக் கும்பிடுகிறோம். கார்த்திகை பிறந்தால் மாலை போட்டவர்கள் கறுப்பு வேட்டி கட்டுகிறார்கள். பிள்ளையின் கன்னத்தில் கண்ணேறு படாமல் இருக்க வைப்பதும் கறுப்புப் பொட்டுதான். இவற்றையெல்லாம் அடுக்கி அத்தையை ஜெயித்துவிடலாம். ஆனால் அப்படி ஜெயித்த சுவருக்கு எதிரேதான் அவர் தினமும் உட்கார வேண்டியிருக்கும். அதனால் இந்த வாதத்துக்கே போகாதீர்கள்.

அவர் சகுனத்தைச் சொல்கிறார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ அவர் கண்ணைப் பற்றித்தான் பேசுகிறார் என்று படுகிறது. வயது ஏற ஏறக் கண்ணின் பாவை சுருங்கும். உள்ளே இருக்கும் லென்ஸும் மஞ்சளித்து மங்கும். 20 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போய்ச் சேர்கிறது. புரை விழத் தொடங்கியிருந்தால் அதுவும் குறையும். உங்களுக்கு இதமான இருட்டாக இருப்பது, அவருக்குப் பேப்பர் படிக்க முடியாத, மாத்திரையின் பெயர் தெரியாத இருட்டு. காலையில் நீங்கள் வேலைக்குப் போனால் (போகிறீர்கள் என்று நினைக்கிறேன்) திரும்பும்வரை அந்த அறை அவருடையது. இருட்டி விடுமோ என்ற பயத்தைச் சொல்ல அவருக்குத் தெரிந்த சொல் "இழவு வீடு".

அந்தப் பயம் நியாயமானதும்கூட. நல்ல வெள்ளைச் சுவர் தன் மேல் விழும் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் அறைக்குள்ளேயே திருப்பி அனுப்பும். கறுப்புச் சுவர் திருப்புவது 5 சதவீதம்கூட இருக்காது. ஒரு ட்யூப் லைட் நம் ஹாலை நிறைப்பதற்குக் காரணமே சுவர்தான். வெளிச்சம் சுவருக்குச் சுவர் தட்டித் தட்டித்தான் மூலைமுடுக்குக்கெல்லாம் போகிறது. நாலு சுவரையும் கறுப்பாக்கினால் அந்த ஓட்டம் முதல் தட்டிலேயே நின்றுவிடும். நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் படங்களை மறுபடி எடுத்துப் பாருங்கள். முக்கால்வாசிப் படங்களில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடியும் உயர்ந்த வெள்ளைக் கூரையும் இருக்கும். ஒரே ஜன்னல் உள்ள 11க்கு 15 ஹாலில் அந்த வசதி இல்லை.

எந்தச் சுவர் என்று அடுத்துக் கேட்பீர்கள். ஜன்னல் இருக்கும் மேற்குச் சுவர் கூடாது. கறுப்புக்கு நடுவே பகல் வெளிச்சம் ஒரு சதுரமாக எரியும். அந்தப் பக்கம் திரும்பினாலே கண் கூசும். அதற்கு எதிரே உள்ள கிழக்குச் சுவரும் வேண்டாம். சாயங்கால வெயில் நேராக அதன் மேல்தான் வந்து விழும். சித்திரை மாதம் நாலு மணிக்கு வெயிலில் கிடக்கும் கறுப்புப் பரப்பைத் தொட்டுப் பாருங்கள், புரியும். மிச்சம் வடக்கும் தெற்கும். அவற்றில் டிவி மாட்டும் சுவரைத் தேர்ந்தெடுங்கள். அணைத்து வைத்த டிவி வெள்ளைச் சுவரில் ஒரு பெரிய கறுப்பு ஓட்டை மாதிரி தெரியும். கறுப்புச் சுவரில் அது இருக்கும் இடமே தெரியாது, ஒயர்கள்கூட ஒளிந்துகொள்ளும். மற்ற மூன்று சுவரும் கூரையும் வெள்ளையாகவோ மோர் நிறத்திலோ இருக்கட்டும். கறுப்புச் சுவரில் வரும் சுவிட்ச் போர்டுகளை மட்டும் வெள்ளையாகவே விட்டுவைக்கச் சொல்லுங்கள். கறுப்பில் கறுப்பு சுவிட்ச் படத்துக்கு அழகு. இரவில் தண்ணீர் குடிக்க எழுந்து வருபவருக்கு அதைத் தடவித் தேடுவது பாடு.

பெயிண்டர் ஏன் தயங்குகிறார் தெரியுமா? வெள்ளையில் மறையும் குறை எல்லாம் கறுப்பில் வெளியே வரும் என்று அவருக்குத் தெரியும். கறுப்புச் சுவரில் பாதி வேலை பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. முதலில் அந்தச் சுவரில் ஓதம் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பின்பக்கம் குளியலறையோ வெளிப்பக்கமோ இருந்தால் ஒரு மழைக்காலம் பொறுத்தால்கூடத் தப்பில்லை. உப்புப் பூத்தால் வெள்ளைச் சுவரில் நாலு மாதம் கழித்துத்தான் கண்ணில் படும். கறுப்பில் மறுநாளே மாவு தெளித்த மாதிரி தெரியும். அடுத்தது பட்டி. இரண்டு கை பட்டி பார்த்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு, இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து மேலும் கீழும் ஓட்டுங்கள். மேடு பள்ளம் அத்தனையும் நிழலாக எழுந்து நிற்கும். பென்சிலால் வட்டம் போட்டு வைத்தால் பெயிண்டர் காலையில் சரி செய்துவிடுவார். இதற்குக் கோபித்துக்கொள்ளாதவர்தான் நல்ல பெயிண்டர்.

பிரைமரில் கொஞ்சம் ஸ்டெயினர் (பெயிண்டுக்கு நிறம் கூட்டும் சாயம்) கலந்து சாம்பல் நிறமாக அடிக்கச் சொல்லுங்கள். வெள்ளை பிரைமர் மேல் கறுப்பு ஏற நாலு கோட்கூடக் கேட்கும். சாம்பல் மேல் இரண்டு, மிஞ்சினால் மூன்று. கிளாஸி வேண்டாம், சுவரின் அலை அத்தனையும் மின்னும். பளபளப்பே இல்லாத மேட் ஃபினிஷும் வேண்டாம். கை பட்ட இடமெல்லாம் வெளுத்த கோடாகத் தங்கிவிடும், துடைத்தால் அந்த இடம் மட்டும் பளபளக்கும். இரண்டுக்கும் நடுவில், துடைக்கக்கூடிய சாஃப்ட் ஷீன் எமல்ஷன் கேளுங்கள்.

கறுப்பிலும் வகை உண்டு. நீலம் ஓடும் கறுப்பு, பச்சை ஓடும் கறுப்பு, காப்பித்தூள் மாதிரி பழுப்பு ஓடும் கறுப்பு. கடையில் அட்டையைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். உங்கள் வீட்டுக்குப் பழுப்பு ஓடுவது. பித்தளையோடும் மரத்தோடும் நம் தோல் நிறத்தோடும் அது சேரும். நீலம் ஓடுவது ட்யூப் லைட்டின் கீழே சில்லிட்டுப் போகும்.

பெயிண்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை முதலிலேயே விளக்குக்கு ஒதுக்கிவிடுங்கள். ஹாலின் நடுவே ஒரே ஒரு ட்யூப் லைட் என்ற ஏற்பாட்டோடு கறுப்புச் சுவர் ஒத்துப்போகாது. மூன்று இடத்தில், மூன்று உயரத்தில் வெளிச்சம் வேண்டும். பல்பு டப்பாவின் மேல் 6500 கே என்று போட்டிருப்பது கூல் டேலைட், நீலம் கலந்த வெள்ளை. 3000 கே வார்ம் ஒயிட், மஞ்சள். இடையில் 4000 கே நேச்சுரல் ஒயிட். கூரை விளக்கு 4000 ஆக இருக்கட்டும், அத்தைக்கும் மங்கலாகத் தெரியாது. கறுப்புச் சுவரை வருடிக்கொண்டு இறங்கும் சின்ன விளக்குகள் 3000. டிவிக்குப் பின்னால் ஒரு எல்இடி விளக்குப் பட்டை ஒட்டிவிடுங்கள். இருண்ட சுவருக்கு நடுவே திரை மட்டும் எரிந்தால் யார் கண்ணும் சோர்ந்துபோகும். அத்தையின் நாற்காலியை ஜன்னலோரம் போட்டு, தோளுக்கு மேல் அவருக்கென்றே ஒரு படிக்கும் விளக்கு மாட்டுங்கள். அதன் சுவிட்ச் அவர் கைக்கு எட்ட வேண்டும்.

தரைக்கு வருகிறேன். இதில் நான் பிடிவாதமாகத்தான் இருப்பேன். முன்பு நாங்கள் குடியிருந்த வீட்டில் முன்னறைக்குப் பளபளக்கும் கறுப்பு டைல்ஸ் போட்டிருந்தார்கள். போர் தண்ணீர். துடைத்துக் காய்ந்ததும் உப்பு வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடிக்கும். ஒரு தடவை துடைத்த தரையை நல்ல தண்ணீரில் மறுபடி துடைத்து, காய்ந்த துணியால் மூன்றாம் முறை துடைப்பேன். அதற்குள் யாராவது வெறுங்காலோடு நடந்திருப்பார்கள், பாதச் சுவடு அச்சாகப் பதிந்திருக்கும். நாம் நினைப்பதற்கு நேர்மாறாக, நம் ஊர்ப் புழுதியும் பஞ்சும் வெள்ளைத் தரையைவிடக் கறுப்புத் தரையில்தான் பளிச்சென்று தெரியும். பனியன் தைக்கும் ஊரில் இருக்கும் உங்களுக்குப் பஞ்சைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். அதோடு, தண்ணீர் சிந்திக் கிடப்பது கறுப்புப் பளபளப்பில் கண்ணுக்குத் தெரியாது. 68 வயதுக்காரர் நடக்கும் வீட்டில் அந்த ஆபத்தே வேண்டாம்.

என் பாட்டி வீட்டில் பட்டாசாலைத் தரை சிவப்பு ஆக்சைடு. சுவரோரமாக மட்டும் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பு ஆக்சைடு கரை ஓடும், சேலைக்குக் கரை போட்ட மாதிரி. நாங்கள் அந்தக் கரையில் மட்டுமே கால் வைத்து வீட்டைச் சுற்றி வருவோம், தவறினால் அவுட். அத்தனை பெரிய தரைக்கு அவ்வளவு கறுப்பே நிறைவாக இருந்தது. உங்கள் ஃப்ளாட்டில் அதைச் செய்ய வழி இருக்கிறது. இருக்கும் தரையை அப்படியே விட்டுவிட்டு, சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டையை மட்டும் மாற்றி நாலு அங்குலத்துக்குக் கறுப்பு கிரானைட் ஒட்டுங்கள். கிருஷ்ணகிரியிலும் விழுப்புரம் பக்கத்திலும் வெட்டும் கல்லே அருமையாக இருக்கும். மாப் போடும்போது சுவரடியில் தெறிக்கும் அழுக்கும் தெரியாது. விலை குறைவு என்று கடப்பா கல்லுக்குப் போனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அது சுண்ணாம்புக்கல் வகை, ஆசிட் பட்டால் அரித்து வெளுத்துவிடும். பாத்ரூம் ஆசிட்டை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

கறுப்பு சோபா வாங்கலாம், ரெக்ஸினில் மட்டும் வேண்டாம். வெயில் காலத்தில் முதுகோடு ஒட்டும், சில வருஷத்தில் செதில் செதிலாக உரியும். நெருக்கமாக நெய்த துணியில் கரி நிறம் பாருங்கள், ஜன்னல் வெயில் படாத இடத்தில் போடுங்கள். கீழே விரிக்க வெளியூர்க் கம்பளம் தேட வேண்டாம். பக்கத்திலேயே பவானி இருக்கிறது. சிவப்பும் பச்சையும் கறுப்பும் பட்டை பட்டையாக ஓடும் ஜமக்காளம் ஒன்று எடுத்து வாருங்கள், கறுப்புச் சுவருக்கு முன்னால் அது எப்படி இருக்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

சோபாவுக்குப் பின்னாலும் ஜன்னல் திரைச்சீலைக்குப் பின்னாலும் வாரம் ஒருமுறை தட்டிவிடுங்கள். டெங்கு கொசுவுக்கு இருண்ட மறைவிடம் பிடிக்கும், கறுப்பில் அது உட்கார்ந்திருப்பது நம் கண்ணுக்கும் தெரியாது.

கடைசியாக ஒன்று. அத்தை "விளக்கேத்துற வீடு" என்றாரே, அந்தச் சொல்லை நான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கோயில் கருவறையில் என்ன பார்க்கிறோம்? எண்ணெய்க்காப்பில் கறுத்து மின்னும் கருங்கல், பின்னால் இருட்டு, முன்னால் ஒற்றைத் தீபம். அங்கே வெள்ளை டைல்ஸ் ஒட்டி ட்யூப் லைட் போட்ட கோயில்களில் எனக்கு அந்த நிறைவு வருவதில்லை. உங்கள் கறுப்புச் சுவரின் ஒரு ஓரத்தில், டிவியிலிருந்து தள்ளி, ஒரு மரப்பலகை அடியுங்கள். அத்தை வீட்டில் பரணில் போட்டு வைத்த பித்தளைச் சாமான் கட்டாயம் இருக்கும். சீர் வந்த குத்துவிளக்கு, சொம்பு, காமாட்சி விளக்கு என்று எதுவாக இருந்தாலும் புளி போட்டுத் தேய்த்து அதில் வைக்கட்டும், அவர் கையாலேயே. எதிரே இருக்கும் வெள்ளைச் சுவரில் அவருடைய கல்யாணப் போட்டோவை, அது கறுப்பு வெள்ளைப் படமாகத்தான் இருக்கும், மெல்லிய கறுப்புச் சட்டம் போட்டு மாட்டுங்கள்.

பெயிண்ட் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். இரண்டு பெரிய சார்ட் அட்டையில் நீங்கள் தேர்ந்த கறுப்பை அடித்து, அந்தச் சுவரில் ஒட்டி, முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு, ஒரு வாரம் சாயங்காலம் அத்தையை அதன் மேல் விளக்கேற்றச் சொல்லுங்கள். அட்டையிலிருந்து தீ எட்டியே இருக்கட்டும். ஏழாம் நாள் அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.