வெஸ்நாத் வசனங்களில் பிழை கண்டால் யார் திருத்துவது? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பேட்டில் ஃபார் வெஸ்நாத் ஆடும்போது ஒரு வசனத்தில் ஒரே வார்த்தை இரண்டு தடவை வந்தது. இதையெல்லாம் போய்ச் சொல்லணுமா, டெவலப்பர்களே பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

பதில்: கண்டிப்பாகச் சொல்லுங்கள் தம்பி. 2003-இல் டேவிட் வைட் தொடங்கிய இந்த கேம் தன்னார்வலர்கள் உழைப்பில்தான் ஓடுகிறது. எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை லேசில் படாது. அதுவும் சில வசனங்கள் குறிப்பிட்ட ஒரு கதாபாத்திரம் அந்தக் கட்டம் வரை உயிரோடு இருந்தால்தான் திரைக்கே வரும், ஆட்டத்தை அந்தப் பக்கம் கொண்டுபோன நீங்கள் சொல்லாவிட்டால் அது பல வருஷம் அப்படியே கிடக்கும்.

கேள்வி: "நிறைய ஸ்பெல்லிங் தப்பு இருக்கு" என்று எழுதிப் போட்டேன், யாரும் கண்டுகொள்ளவில்லை.

பதில்: எங்கே என்று சொல்லாமல் எப்படித் தேடுவார்கள்? கேமின் கோடு இருக்கும் கிட்ஹப் தளத்தில் இஷ்யூ, அதாவது பிழைப் புகார், போடும்போது கேம் வெர்ஷன், கேம்பெயின் (எந்தக் கதைத் தொடர்), சீனாரியோ (அதில் எந்தக் கட்டம்), யார் பேசுகிறார் என்பதோடு அந்த வாக்கியத்தை அப்படியே டைப் செய்துவிடுங்கள், ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் ஒட்டினால் அதை வைத்து ஃபைலில் தேட முடியாது. முடிந்தால் நீங்களே திருத்தி அனுப்பலாம். கேம்பெயின் ஃபோல்டரில் இருக்கும் சீனாரியோ ஃபைலை நோட்பேடில் திறந்தால் பேசுபவர் பெயர் இருக்கும், அதன் கீழே ஓர் அடிக்கோடு (_), பிறகு மேற்கோளுக்குள் வசனம். இது மொழிபெயர்க்க வேண்டிய வரி என்று கேமுக்குக் காட்டுவதே அந்த அடிக்கோடுதான், அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கேள்வி: ஒரே ஒரு காற்புள்ளி திருத்தம்தான் அனுப்பினேன். இன்னும் சேர்க்கவும் இல்லை, பதிலும் இல்லை. அதற்கு ஏன் இத்தனை யோசனை?

பதில்: இங்கேதான் டெவலப்பரின் பொறுப்பு வருகிறது. வெஸ்நாத் மொழிபெயர்ப்புக்கு கெட்டெக்ஸ்ட் என்ற முறையில் இயங்குகிறது, அதில் மொழிபெயர்ப்பைத் தேடி எடுக்க ஆங்கில வாக்கியமேதான் சாவி. நீங்கள் ஒரு புள்ளியை மாற்றினாலும் சாவி மாறிவிடும், எல்லா மொழியிலும் அந்த வரி 'ஃபஸ்ஸி', அதாவது மறுபடி சரிபார்க்க வேண்டியது, ஆகிவிடும், மொழிபெயர்ப்பாளர் மறுபடி பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை ஜெர்மனில் ஆடுகிறவருக்கும் ஜப்பானிய மொழியில் ஆடுகிறவருக்கும் அந்த இடத்தில் ஆங்கிலம்தான் தெரியும். இதற்காகவே போஃபிக்ஸ் என்று ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறார்கள், பொருள் மாறாத சின்னத் திருத்தம் என்றால் எல்லா மொழி ஃபைலிலும் சாவியைச் சேர்த்தே மாற்றிவிடும். அதை ஓட்ட வேண்டியது டெவலப்பர் வேலை, ஆட்டக்காரர் தலையில் கட்டக்கூடாது. அப்புறம், 1.16, 1.18 மாதிரி புள்ளிக்குப் பின் இரட்டைப்படை எண் கொண்டவை நிலையான வெர்ஷன்கள். அவற்றில் வாக்கியங்களைக் கூடியவரை தொடமாட்டார்கள், உங்கள் திருத்தம் அடுத்த வெர்ஷன் வரிசைக்குப் போயிருக்கலாம். ஆனால் அதை ஒரு வரியில் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பதிலே வராவிட்டால் அடுத்த தடவை ஒருவரும் எழுதிப் போட மாட்டார்.

கேள்வி: என் கணினியில் மட்டும் நானே மாற்றிக்கொண்டால் போதாதா?

பதில்: அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும், மற்றவர்களுக்கும் பயன் இல்லை.

கேள்வி: மொழிபெயர்ப்பில் தப்பு இருந்தால் யாரிடம் போவது? ஆட்டக்காரர்கள் செய்து தரும் ஆட்-ஆன் கேம்பெயினில் இருந்தால்?

பதில்: மொழிபெயர்ப்புப் பிழை என்றால் அந்த மொழிக் குழுவிடம். ஆட்-ஆன் என்றால் அதைச் செய்தவரிடமே நேராகச் சொல்லுங்கள். அவரும் உங்களைப் போல ஓர் ஆட்டக்காரர்தான், பக்குவமாகச் சொன்னால் பெரும்பாலும் சந்தோஷமாகவே திருத்துவார்.