உப்பு வேறுபாட்டில் மின்சாரம்: வாசகர் கேள்வி – பதில்

கே: பள்ளிக் கண்காட்சிக்காக 10 ஜோடி அயனிப் பரிமாற்றச் சவ்வுகளை (ஜோடியில் ஒன்று நேர் அயனிகளை மட்டும் விடும் நேர் அயனிச் சவ்வு, மற்றது எதிர் அயனிகளை மட்டும் விடும் எதிர் அயனிச் சவ்வு) அடுக்கி, உப்புநீரையும் டிஸ்டில்டு வாட்டரையும் மாறி மாறி விட்டோம். மல்டிமீட்டர் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. ஆனால் சோலார் பொம்மை மோட்டார் சுற்றவில்லையே?

ப: சிக்கல் டிஸ்டில்டு வாட்டரில்தான். அதில் அயனிகள் ஏறக்குறைய இல்லாததால் மின்தடை மிக அதிகம். மின்னழுத்தம் இருந்தும் மின்னோட்டம் வராது. லிட்டருக்கு 1 கிராம் உப்பு கரைத்துப் பாருங்கள். எதிர்ப்பக்கம் லிட்டருக்கு 35 கிராம். ஒரு ஜோடிக்கு சுமார் 0.15 வோல்ட், 10 ஜோடிக்கு 1.5 வோல்ட் என்று குறையும். மோட்டாரோ சுற்றத் தொடங்கும்.

சவ்வுகளுக்கு இடைப்பட்ட வெளியும் முக்கியம். 1 மி.மீ. ரப்பர் கேஸ்கெட்டை (சவ்வுகளுக்கு இடையே வைக்கும் கசிவுத்தடுப்புச் சட்டம்) 0.2 மி.மீ. ஆக்கினால் நன்னீர் (உப்பு குறைந்த நீர்) அறையின் தடை ஐந்தில் ஒரு பங்காகும். உள்ளே நைலான் வலை வையுங்கள். இல்லையேல் சவ்வுகள் ஒட்டிக்கொள்ளும். சவ்வை இரவு முழுக்க உப்புநீரில் ஊறவிட்டு, அது வீங்கிய பிறகே வெட்ட வேண்டும். தண்ணீரைக் கீழிருந்து மேலாக விடுங்கள், காற்றுக்குமிழி தங்காது.

மின்முனைகளுக்குச் செப்புத் தகடும் மயில்துத்தக் கரைசலும் (லிட்டருக்கு 125 கிராம்) போதும். செம்பு அயனிகள் அடுக்குக்குள் கசியாதிருக்க இரு கோடிகளிலும் எதிர் அயனிச் சவ்வு வேண்டும். அதனால் எதிர் அயனிச் சவ்வு 11, நேர் அயனிச் சவ்வு 10. கையுறை அணியுங்கள், கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

அப்படியும் மின்னழுத்தம் குறைந்தால், ஒரே வகைச் சவ்வு இரண்டு அடுத்தடுத்து வந்துவிட்டதா பாருங்கள். பிறகு நன்னீர்க் குழாயை மூடுங்கள். அதன் வெளிவாயில் இன்னும் சொட்டினால் கேஸ்கெட் கசிகிறது.

கே: வீட்டு ஆர்.ஓ. சவ்வு உதவுமா?

ப: உதவாது. அது நீரை விட்டு உப்பைத் தடுக்கும். இங்கே தேவை நேர்மாறானது. ஆர்.ஓ. போன்ற சவ்வில் உருவாகும் அழுத்தத்தால் டர்பைனைச் சுற்றுவது வேறு முறை. நார்வேயின் டோஃப்டேயில் 2009-ல் தொடங்கிய அம்முறையின் முன்மாதிரி நிலையம் சில ஆண்டுகளில் மூடப்பட்டது.

கே: பெரிய அளவில் எங்காவது இயங்குகிறதா?

ப: நெதர்லாந்தின் அஃப்ஸ்லைட்டைக் அணையில் 50 கிலோவாட் திறனுக்குத் திட்டமிட்ட சோதனை நிலையம் 2014-ல் தொடங்கப்பட்டது. ஒரு பக்கம் வாடன் கடல், மறுபக்கம் ஐசல்மீர் ஏரி. இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. ஆனாலும் சவ்வின் சதுர மீட்டருக்கு 1 வாட் அளவில்தான் கிடைக்கும். ஏரிநீரில் மட்கிய தாவரப்பொருள் எதிர்மின்சுமை கொண்டது. எதிர் அயனிச் சவ்வில் போய் ஒட்டும். நுண்வடிகட்டிகள் வண்டலையும் பாசியையும் நிறுத்தும், கரைந்திருக்கும் இதை நிறுத்தாது. மக்னீசியம் இன்னொரு தொல்லை: நேர் அயனிச் சவ்வுக்குள் தங்கித் தடையைக் கூட்டும். இத்தாலியின் மார்சாலா உப்பளத்தில் செயற்கை உப்புக்கரைசலில் சுமார் 700 வாட் தந்த அமைப்பு, உப்பள நீரில் சுமார் 330 வாட்தான் தந்தது. மக்னீசியத்தைத் தடுக்கும் மலிவான சவ்வு வந்தால் இந்த இடைவெளி குறையலாம்.